உயிர்க்கரி மேலே, புகைமருந்து கீழே: மண் புகையூட்டலின் கேட்டைக் குறைக்க ஒரு வழி

கேள்வி இதுதான்: நூற்புழுவையும் வாடல் நோய்ப் பூஞ்சாணத்தையும் ஒழிக்க மண்ணுக்குள் புகைமருந்து செலுத்துகிறார்கள். அந்த நிலத்தில் உயிர்க்கரி (மரத்துண்டு, உமி போன்றவற்றைச் சுட்டெடுத்த கரி) சேர்த்தால் காற்றில் கலக்கும் நச்சு குறையும் என்கிறார்களே, உண்மையா? கரி மருந்தை இழுத்துக்கொண்டால் புழு எப்படிச் சாகும்?

காற்றில் கலப்பது குறையும், நிறையவே குறையும். புழு சாகுமா என்பது கரியை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மேல் மண்ணில் மெல்லிய அடுக்காகப் போட்டால் இரண்டு காரியமும் நடக்கும். உழவு ஆழம் முழுக்கக் கலந்துவிட்டால் மருந்தைக் கரி தின்றுவிடும், புழு பிழைத்துக்கொள்ளும். இனி எழுதுவதெல்லாம் ஏன் அப்படி என்பதற்கான விளக்கம்தான்.

புகைமருந்துகள் மற்ற பூச்சிமருந்துகளைப் போல இலையிலோ வேரிலோ ஒட்டிக்கொண்டு வேலை செய்பவை அல்ல. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிடைவெளிகளில் ஆவியாகப் பரவித்தான் கொல்கின்றன. டைகுளோரோபுரோப்பீன், குளோரோபிக்ரின், மெட்டாம் சோடியம், டாசோமெட் ஆகியவைதான் இன்று அதிகம் புழங்குபவை. கடைசி இரண்டும் ஈர மண்ணில் சிதைந்து மெத்தில் ஐசோதயோசயனேட் என்ற ஆவியைத் தருகின்றன, கொல்வது அதுதான். எந்தக் குணத்தால் இவை மண்ணுக்குள் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேருகின்றனவோ, அதே குணத்தால்தான் மேலே வெளியேறியும் விடுகின்றன. மூடாமல் விட்ட நிலத்தில், போட்ட மருந்தில் கணிசமான பங்கு, சில சூழல்களில் பாதிக்கு மேல்கூட, காற்றோடு போய்விடும். அதிலும் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே போகும். காசு கொடுத்து வாங்கிய மருந்து பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணையும் மூச்சையும் தேடிப் போகிறது என்பதுதான் இதன் பொருள். குளோரோபிக்ரின் முதல் உலகப்போரில் போர்க்களத்தில் பயன்படுத்தப்பட்ட வாயு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வரப்புக்கு அப்பால் இருப்பவர் ஏன் கண்ணைக் கசக்குகிறார் என்று கேட்கத் தேவையிருக்காது.

இந்தத் துறையின் கடந்த காலம் நல்லதாக இல்லை. டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா ஆலைத் தொழிலாளர்களில் பலர் மலடாகிவிட்டது 1977இல் வெளிச்சத்துக்கு வந்தது. மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் அது இறங்கிய நிலத்தடி நீர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் சுத்தமாகவில்லை. பழைய டைகுளோரோபுரோப்பீன் சரக்குகளில் மாசாகக் கலந்திருந்த டிரைகுளோரோபுரோப்பேனும் அப்படித்தான். கலிபோர்னியா 2017இல் அதற்குக் குடிநீரில் விதித்த வரம்பு லிட்டருக்கு 5 நானோகிராம். அடுத்து மெத்தில் புரோமைடு. கொல்வதில் அதற்கு நிகரில்லை, ஆனால் ஓசோன் படலத்தை அரித்தது. 1992இல், ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வளர்ந்த நாடுகளில் 2005இலும் வளரும் நாடுகளில் 2015இலும் மண்ணுக்கான பயன்பாடு நிறுத்தப்பட்டது. தனியாக விலக்குப் பெற்ற சில பயன்பாடுகளும், சரக்குத் தொற்றுத்தடுப்புக்கான பயன்பாடும் மட்டும் இதற்கு வெளியே நின்றன. அதன் இடத்துக்கு வந்த மருந்துகள் ஓசோன் படலத்தை அப்படித் தாக்குவதில்லை. ஆனால் தரைமட்டக் காற்றில் வெயில் பட்டு, புகைமூட்டத்தையும் தரைமட்ட ஓசோனையும் உண்டாக்கும் ஆவிகளின் கணக்கில் இவையும் சேர்கின்றன. மாற்று வந்துவிட்டது, சிக்கல் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது கரிக்கு வருவோம். மரத்துண்டு, உமி, தட்டை போன்றவற்றைக் காற்றுப் புகாமல் 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கிடைப்பது உயிர்க்கரி. அதன் உள்ளே நுண்துளைகள் மண்டிக் கிடக்கும். அதிக வெப்பத்தில் நன்றாகச் சுட்ட மரக்கரியின் ஒரு கிராமில் சில நூறு சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கும். அந்தப் பரப்பில் புகைமருந்தின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. இது முதல் வேலை. இரண்டாவதைப் பலர் சொல்வதில்லை: சில கரிகளின் மேல் ஒட்டிய மருந்து சிதையவும் செய்கிறது. கரியின் காரத்தன்மை டைகுளோரோபுரோப்பீனை நீராற்பகுத்து, அதாவது நீரோடு வினைபுரியச் செய்து, உடைக்க உதவும். கரியில் உள்ள எலக்ட்ரான் தரும் இடங்கள் குளோரோபிக்ரினிலிருந்து குளோரினைக் கழற்றிவிடும். ஆனால் எல்லாக் கரியும் எல்லா மருந்தையும் உடைப்பதில்லை. சிலது பிடித்து மட்டுமே வைக்கும்.

பிடித்து வைப்பது மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போதும். ஏனென்றால் மண்ணே இந்த மருந்துகளைச் சிதைக்கக்கூடியது, அதற்கு நேரம்தான் தேவை. கணக்குக்காக, ஒரு மருந்து மண்ணில் ஏழு நாளில் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் மண்ணிலேயே தங்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூடாத நிலத்தில் அந்த மூன்று வாரம் அதற்குக் கிடைப்பதில்லை, முதல் இரண்டு மூன்று நாளிலேயே மேலே ஏறிவிடுகிறது. கரி அடுக்கு அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தி, மண் தன் வேலையைச் செய்ய நாள் கொடுக்கிறது. மண்ணை உருளைக் குழாய்களில் நிரப்பிச் செய்த ஆய்வகச் சோதனைகளில், மேல் மண்ணில் கரி சேர்த்தபோது டைகுளோரோபுரோப்பீன் வெளியேற்றம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. வயலில் அவ்வளவு சுத்தமான எண் வராது. நிலம் சமமாக இருக்காது, வெடிப்பு இருக்கும், மருந்தை மண்ணுக்குள் செலுத்தும் ஊசிக்கலப்பை கிழித்த தடம் இருக்கும். ஆனால் போக்கு அதே போக்குதான்.

எங்கே, எவ்வளவு என்பதை எண்களால் பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு எக்டேரில் மேல் 5 செ.மீ. மண்ணின் எடை, கன மீட்டருக்கு 1.3 டன் என்று கொண்டால், 650 டன். அதில் எடைக்கு 1 சதவீதம் கரி என்றால் 6.5 டன். சதுர மீட்டருக்கு 650 கிராம். கரி லேசான பொருள் என்பதால், கன மீட்டருக்கு கால் டன் எடையுள்ள கரியாக இருந்தால் தரையில் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்குப் பரவி நிற்கும். அவ்வளவுதான், ஒரு கரும்படலம். இதே 1 சதவீதத்தை 20 செ.மீ. ஆழத்துக்குக் கலக்க வேண்டுமானால் 26 டன் ஆகும். அத்தனை கரியும் புழு இருக்கும் அடுக்கிலேயே உட்கார்ந்து, புழுவுக்குப் போக வேண்டிய ஆவியை முதலில் எடுத்துக்கொள்ளும். செலவு நான்கு மடங்கு, பலன் தலைகீழ். அப்படிக் கலந்த மண்ணில் பழைய கொல்திறனை எட்ட மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். சுற்றுச்சூழலுக்காகக் கரி போட்டு, கரிக்காக மருந்தைக் கூட்டுவதில் என்ன நியாயம்?

எனவே மருந்து இறங்குவது 30 செ.மீ. அல்லது அதற்கும் கீழே, கரி நிற்பது மேல் 5 செ.மீ.க்குள். நடுவே உள்ள மண்ணில்தான் கொலை நடக்க வேண்டும். இந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் முழு உத்தியும்.

இதில் ஒரு விலை உண்டு, மறைக்கக் கூடாது. கரி நிற்கும் அந்த மேல் 5 செ.மீ.யில் ஆவியின் செறிவு குறைவாக இருக்கும். அங்கே கிடக்கும் களை விதைகளும் சில பூஞ்சாண வித்துக்களும் தப்பிக்கும். புழுவுக்காக மட்டும் புகையூட்டுபவருக்கு இது பெரிய இழப்பில்லை. களைக்காகவும் சேர்த்துப் புகையூட்டுபவர் யோசிக்கத்தான் வேண்டும். வெயில் நன்றாக அடிக்கும் பருவமாக இருந்தால் எனக்குப் பிடித்த தீர்வு, கரி போடுவதற்கு முன்பே நிலத்தை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரித்து நான்கைந்து வாரம் மண்ணைச் சூரிய வெப்பத்தில் வேகவிடுவது. வெயில் வெப்பம் மிகக் கடுமையாக ஏறுவது மேல் சில செ.மீ.யில்தான். கரி எங்கே ஆவியைப் பலவீனமாக்கும் என்கிறோமோ, சரியாக அதே இடத்தில் வெப்பம் வேலையை முடித்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். சூடேறிய கரி ஆவியைப் பிடித்து வைக்காது, விட்டுவிடும்.

டாசோமெட் குருணை போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் குருணையையே மேல் மண்ணில் கலக்கிறார்கள். அங்கே கரியையும் சேர்த்துக் கலந்தால் முழுக் காரியமும் கெடும். குருணையைக் கலந்து, நீர் விட்டு, மண்ணை அழுத்திய பிறகு, கரியைக் கலக்காமல், ஆட்களை இறக்காமல் இயந்திரத்தால், மேலே போர்வையாக மட்டும் பரப்ப வேண்டும்.

ஊசிக்கலப்பையில் திரவ மருந்தைச் செலுத்தும்போது கவனிக்க வேண்டியது அதன் தடம். கலப்பை போன வழியெல்லாம் மண்ணில் ஒரு செங்குத்துக் கீறல் நிற்கும். ஆவிக்கு அது புகைபோக்கி. மேலே எவ்வளவு கரி போட்டிருந்தாலும் அந்தக் கீறல் திறந்திருந்தால் ஆவி அதன் வழியே போய்விடும். கரியை முன்கூட்டியே பரப்பி லேசாகக் கிளறி வைத்துவிட்டு, மருந்து செலுத்திய உடனே அதே ஓட்டத்தில் பின்னால் வரும் பரம்பும் உருளையும் கீறலை உடைத்து மூடும்படி அமைத்தால், கரி கலந்த மண்ணே கீறலுக்குள் விழுந்து அடைக்கும். மருந்து போட்ட பிறகு ஆட்களை இறக்கிக் கையால் கரி தூவச் செய்வது கூடவே கூடாது. அந்த நேரத்தில் அந்த நிலத்தின் மேல் நிற்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம்.

ஈரம் பற்றி நிறையக் குழப்பம் உண்டு. முற்றிலும் காய்ந்த கரி அதிகம் பிடிக்கும், நனைந்த கரியின் துளைகளில் நீர் புகுந்து சில இடங்களை அடைத்துக்கொள்ளும், ஆகவே காய்ந்த கரிதான் நல்லது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஈரமான மேல் மண் தானே ஒரு மூடி. நீர் நிரம்பிய இடைவெளியில் ஆவி ஊர்ந்துதான் போக முடியும். மேலும், கரியின் மேல் மருந்து நீராற்பகுப்பில் உடைய நீர் வேண்டும். காய்ந்த கரித்தூள் காற்றில் பறந்து நுரையீரலுக்கும் போகும். நடைமுறையில் மேல் மண்ணைக் கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அந்தப் பதம் கரிக்கும் போதும், மண்ணுக்கும் போதும்.

எந்தக் கரி? ஒரே விடை இல்லை. பிடித்து வைக்கும் திறன் வேண்டுமானால் 500 டிகிரிக்கு மேல் சுட்ட, சாம்பல் குறைந்த மரக்கரி நல்லது. 350 டிகிரியில் சுட்ட கரியில் பரப்பு மிகக் குறைவு, ஆனால் அதன் மேல் வினைபுரியும் வேதித் தொகுதிகள் அதிகம் இருக்கும், சில மருந்துகளை உடைப்பதில் அதுவே முந்தலாம். சாம்பலும் காரமும் கூடிய எருக்கரி டைகுளோரோபுரோப்பீனுக்கு உதவும், ஆனால் ஏற்கனவே உவர்ப்பான நிலத்தில் அதைக் கொட்டினால் வேறு சிக்கல். விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்தப் பொருளிலிருந்து, எத்தனை டிகிரியில், கார அமில அளவு எவ்வளவு. வண்ணம் பூசிய மரமோ பதப்படுத்திய மரமோ மூலப்பொருளில் கலந்திருந்தால் கரியில் கன உலோகம் தங்கும். சரியாகச் சுடாத கரியில் பல வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுப்பொருள்கள் மிஞ்சும். நஞ்சைக் குறைக்கப் போய் வேறு நஞ்சை நிலத்தில் புதைத்தால், அதை அள்ளி வெளியே எடுக்க வழியே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கரி போட்டால், மருந்து போட்ட நிலத்தை மூடும் விரிப்பை விட்டுவிடலாமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். விட வேண்டாம். சாதாரண பாலித்தீன் விரிப்பு இந்த ஆவிகளை முழுதாகத் தடுப்பதில்லை, வெயில் ஏற ஏற அதன் வழியாகவே கசியும். நடுவில் எத்திலீன் வினைல் ஆல்கஹால் படலம் வைத்த பல அடுக்கு விரிப்பு மிக நன்றாகத் தடுக்கும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: நடவுக்காக விரிப்பைக் கிழிக்கும் நாளில், அடியில் தேங்கிய ஆவி ஒரே மூச்சில் வெளியே வரும். கிழிப்பவர் முகத்துக்கு நேராக. விரிப்புக்கு அடியில் கரி அடுக்கு இருந்தால் அந்தத் தேக்கம் கரியில் ஒட்டிச் சிதைந்துகொண்டிருக்கும், கிழிக்கும் நாளின் வீச்சு தணியும். கரிக்கு மிகச் சிறந்த பயன் இதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் காப்பாற்றப்படுவது அந்த நிலத்தில் கூலிக்கு வேலை செய்பவரின் மூச்சு. விரிப்பே வாங்க முடியாத நிலையில் ஈர மேல்மண்ணும் கரியும் சேர்ந்து ஓரளவு ஈடுகட்டும். ஆனால் மருந்தின் சீட்டில் சொன்ன, நிலத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளித் தூரத்தையும், மறுபடி நிலத்தில் இறங்கக் காத்திருக்க வேண்டிய மறுநுழைவு நாட்களையும் கரி போட்டோம் என்பதற்காக ஒரு அடிகூட, ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது.

மருந்து போட்ட பிறகு நிலத்துக்குள் நடப்பதிலும் கரிக்குப் பங்கு உண்டு. புகைமருந்து புழுவை மட்டும் கொல்வதில்லை. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களும் பெருமளவு மடிகின்றன. சில வாரங்களுக்கு மண்ணில் அம்மோனியம் தேங்கும். குளோரோபிக்ரின் போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளியேற்றம் பல மடங்கு உயர்வது அளந்து காட்டப்பட்ட உண்மை. அது கரியமில வாயுவை விடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. கரி சேர்த்த மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கரியின் துளைகள் தப்பிப் பிழைத்த நுண்ணுயிர்களுக்கு இடமும் தருகின்றன. நட்டவுடன் வழக்கமான அளவு தழைச்சத்து உரம் போடும் பழக்கத்தை மட்டும் அந்தப் பருவத்தில் நிறுத்தி வையுங்கள், ஏற்கனவே அம்மோனியம் நிறைய இருக்கிறது.

நடலாமா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. புகையூட்டிய நிலத்தில் நான்கைந்து இடத்திலிருந்து, 15 முதல் 20 செ.மீ. ஆழத்து மண்ணை ஒரு கண்ணாடி ஜாடியில் பாதி அளவு நிரப்ப வேண்டும். நனைத்த பஞ்சில் லெட்டூஸ் போன்ற சீக்கிரம் முளைக்கும் விதைகளை ஒட்டி, மண்ணைத் தொடாமல் உள்ளே தொங்கவிட்டு, மூடியை இறுக்கி மூட வேண்டும். புகையூட்டாத மண்ணில் இன்னொரு ஜாடி. இரண்டு மூன்று நாளில் இரண்டிலும் முளை ஒன்றுபோல் வந்தால் ஆவி தீர்ந்துவிட்டது. புகையூட்டிய மண் உள்ள ஜாடியில் முளை வராமலோ, வேர்நுனி பழுப்பாகக் கருகியோ இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். கரி போட்ட நிலத்தில் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். மண்ணை எடுக்கும்போது மேல் அடுக்கின் கரி ஜாடிக்குள் விழுந்தால், மிஞ்சிய ஆவியை அந்தக் கரி பிடித்துக்கொள்ளும், விதை அழகாக முளைக்கும், கீழ் மண்ணில் நஞ்சு அப்படியே இருக்கும். ஆகவே மேல் 7, 8 செ.மீ.யை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதற்குக் கீழிருந்துதான் எடுக்க வேண்டும். கரி அடுக்கு மண்ணையும் தனியாக ஒரு ஜாடியில் போட்டு, வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் முளை தடைபட்டால் கரியில் ஒட்டிய மருந்து இன்னும் சிதையவில்லை, திரும்பி வெளிவருகிறது என்று பொருள்.

அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்பதை முதலிலேயே யோசித்துவிட வேண்டும். கரி மண்ணில் பல பத்தாண்டுகள், அதற்கு மேலும் கிடக்கும். அடுத்த பயிருக்கு உழும்போது, இந்த ஆண்டு மேலே இருந்த 6.5 டன்னும் உழவு ஆழம் முழுக்கக் கலந்துவிடும். 20 செ.மீ. ஆழத்தில் அது 0.25 சதவீதம்தான், ஒரு முறைக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. ஆண்டுதோறும் போட்டால் நாலாவது ஆண்டில் 1 சதவீதத்தைத் தொடும். எந்தக் கலவையைத் தவிர்க்கச் சொன்னேனோ அந்தக் கலவையே கைவந்து சேரும். காலப்போக்கில் கரியின் துளைகளில் மண்ணின் கரிமப் பொருள் படிந்து பிடிப்பு குறையும் என்பது ஒரு ஆறுதல், ஆனால் முழு ஆறுதல் அல்ல. விதைக்கும் முன் மண்ணில் தெளிக்கும் களைக்கொல்லிகளுக்கும் இதே கதைதான். அவற்றையும் கரி பிடிக்கும், களை கேட்காது. அதனால் ஒவ்வொரு புகையூட்டலுக்கும் புதிதாகக் கரி போடும் திட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஒருமுறை நன்றாகச் செய்யுங்கள். அடுத்த சுழற்சிக்குள், எதிர்ப்புத் திறன் கொண்ட வேர்க்குச்சியில் ஒட்டுக்கட்டிய நாற்று, பயிர்ச் சுழற்சி, தவிடு போன்ற கரிமப் பொருளைச் சேர்த்து நீர் நிறைத்து மூடிக் காற்றில்லாமல் மண்ணைச் சுத்தப்படுத்தும் முறை ஆகியவற்றில் எது அந்த நிலத்துக்கு ஒத்துவரும் என்று ஒரு மூலையில் சோதித்துவிடுங்கள். அது ஒத்துவந்தால் புகைமருந்தே வேண்டியதில்லை, அப்போது அதே கரியை உழவு ஆழம் முழுக்கத் தாராளமாகக் கலக்கலாம்.

முழு நிலத்தில் இறங்கும் முன் நான்கு பாத்திகள் ஒதுக்குங்கள்: ஒன்றும் செய்யாதது, மருந்து மட்டும், மருந்தும் விரிப்பும், மருந்தும் கரியும் விரிப்பும். பயிர் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் பத்துச் செடியைப் பிடுங்கி, நூற்புழு உண்டாக்கும் வேர்முடிச்சை எண்ணுங்கள். மூன்றாவது பாத்திக்கும் நான்காவதுக்கும் முடிச்சில் வித்தியாசம் இல்லையென்றால், கரி உங்கள் மண்ணில் சரியான ஆழத்தில் நிற்கிறது. நான்காவதில் முடிச்சு கூடியிருந்தால் கரி கீழே இறங்கியிருக்கிறது, அல்லது மருந்து போதிய ஆழத்தில் விழவில்லை. ஒரு மண்வெட்டியால் குழி வெட்டிப் பக்கச் சுவரைப் பாருங்கள். கரும்பட்டை எந்த ஆழத்தில் முடிகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.